மொறிஸ் மைனர் பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப எச்.எஸ். இலக்கம் பார்ப்பது எப்படி?

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பப்பாவின் மொறிஸ் மைனர் கார் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டபடி கிடக்கிறது. இங்கிலாந்தில் ஒருவரும் மெல்பேர்னில் ஒருவரும் சில பாகங்களை வாங்கக் கேட்கிறார்கள். இரண்டு பேரும் "எச்.எஸ். கோட் என்ன?" என்கிறார்கள். சுங்கத்தில் ஒவ்வொரு பொருளையும் வகைப்படுத்துகிற இலக்கம் அது. பார்சல் அனுப்பும் முகவரோ எல்லாவற்றுக்கும் 8708.99 என்று எழுதினால் போதும் என்கிறாராம். போதுமா?

போதாது, தம்பி.

8708.99 பொய்யான இலக்கம் இல்லை. மோட்டார் வாகனப் பாகங்களில் 'ஏனையவை' என்ற உபதலைப்பு அது. வீட்டில் ஆணி, பழைய திறப்பு, அறுந்த வார் எல்லாம் போட்டு வைக்கிற மேசை லாச்சி இருக்கிறதல்லவா, அது மாதிரி. அதற்குள் நியாயமாகப் போக வேண்டிய சாமானும் உண்டு. பெற்றோல் தாங்கி அங்கேதான் போகும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற பட்டியலில் டைனமோ, காபரேற்றர், ஸ்பீடோமீற்றர், ஹோர்ன், கண்ணாடி, சீற் என்று பாதிக்கு மேல் 87ஆம் அத்தியாயத்துக்குள்ளேயே வராது.

நான் பட்டுத்தான் இதைப் படித்தேன். வவுனியாவில் அப்பாவின் கராஜை மூடிய பிறகு கிடந்த சாமான்களில் முதன்முதல் வெளிநாட்டுக்கு அனுப்பியது ஒரு லூக்காஸ் கம்பனி டைனமோ. படிவத்தில் 'பழைய கார் சாமான், 8708.99' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். போய்ச் சேர்ந்த நாட்டில் பார்சல் மூன்று கிழமை நின்றது. அங்கிருந்து வந்த கேள்வி ஒரே வரி: இது என்ன பொருள்? எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் கேட்டதில் பிழை இல்லை. பழைய கார் சாமான் என்றால் ஸ்டியரிங்கும் அதுதான், சீற்றும் அதுதான், பம்பரும் அதுதான். பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பதை ஊகிப்பது அவர்களுடைய வேலை இல்லை.

சரி, இலக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். பிரசல்ஸில் இருக்கிற உலக சுங்க அமைப்பு நடத்துகிற முறை இது; 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு வரை தலைப்பு, ஆறு வரை உபதலைப்பு. இந்த ஆறும் இலங்கை, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா எங்கும் ஒன்றே. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு இலக்கம் சேர்த்துக்கொள்ளும். இலங்கையில் மொத்தம் 8. இங்கிலாந்தில் இறக்குமதிக்கு 10. ஆகவே உங்களுடைய வேலை முதல் ஆறைச் சரியாகப் பிடிப்பது. மிச்சத்தை வாங்குகிறவர் தன் நாட்டுச் சுங்க அட்டவணையில் பார்க்கட்டும். வரி கட்டப் போகிறவர் அவர்தான். நீங்கள் இங்கிருந்து பத்து இலக்கமும் எழுதிக் கொடுத்து, அதில் கடைசி நான்கு பிழைத்தால் பழி உங்கள் தலையில் விழும்.

அடுத்தது, 'விண்டேஜ்' என்ற சொல்லை அட்டவணையில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பாகங்களைப் பொறுத்தவரை அட்டவணைக்கு வயது தெரியாது. 1956இல் பேர்மிங்ஹாமில் செய்த டைனமோவும் போன மாதம் செய்த டைனமோவும் ஒரே இலக்கம்தான். பாவித்ததா புதிதா என்பதை விவரத்தில் எழுத வேண்டும். அது இலக்கத்தை மாற்றாது. கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தப் பொருள் என்ன, என்ன வேலை செய்கிறது? எந்தக் காரில் இருந்து கழற்றியது என்பது அதற்குப் பிறகுதான்.

ஏன் அப்படி? சில அத்தியாயங்களைச் சேர்த்து ஒரு பிரிவு என்பார்கள். மோட்டார் வாகனங்கள் இருக்கிற பதினேழாம் பிரிவின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதிகம் பேர் அதைப் படிக்காமல் நேரே 8708க்குப் பாய்கிறார்கள். அந்தக் குறிப்பு சொல்வது இதுதான்: காரில் பூட்டியிருந்தாலும் சில பொருள்கள் வாகனப் பாகம் ஆகா. மின் சாமான்கள் 85ஆம் அத்தியாயத்துக்குப் போகும். எஞ்சினும் பம்பியும் 84க்கு. அளக்கிற கருவிகள் 90க்கு. மணிக்கூடு 91க்கு. காஸ்கெட், போல்ட், நட்டு, பூட்டு, சுருள்வில், சாதாரண றப்பர்ச் சாமான் எல்லாம் அவற்றின் சொந்த இடத்துக்கு. இப்படி ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சுகிற, காருக்கென்றே செய்த பொருள்தான் 8708.

ஒரு தறப்பாளை விரித்து, கழற்றிய எல்லாவற்றையும் அதில் பரப்புங்கள். இப்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுப்போம்.

டைனமோ 8511.50. ஸ்ராட்டர் மோட்டர் 8511.40. டிஸ்ரிபியூட்டரும் இக்னிஷன் கொயிலும் 8511.30. ஸ்பார்க் பிளக் 8511.10. டைனமோவோடு வயரால் தொடுத்த, மூடி போட்ட சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும், கட்-அவுட் என்போம், அது 8511.80. விளக்குகள் வேறு தலைப்பு. முன் விளக்கு 8512.20, ஹோர்ன் 8512.30, மின்சாரத்தில் ஓடும் வைப்பர் 8512.40. 1961க்கு முந்திய மைனர் என்றால் கதவுக்குப் பின்னால் தூணிலிருந்து கை நீட்டுகிற மாதிரி வெளியே வரும் சிக்னல் இருக்கும். அதைக் கழற்றியவுடன் பலர் பாடி சாமான் என்று நினைக்கிறார்கள். அது பார்வைக்குச் சைகை காட்டுகிற மின்கருவி. முன் விளக்கோடு சேர்ந்து 8512.20தான். அதை உடையாமல் கழற்றியிருந்தால் பத்திரமாக வையுங்கள், அங்கே அதற்கு ஆளாளுக்குப் போட்டி.

காபரேற்றர் 8409.91, பெற்றோல் எஞ்சினுக்கென்றே உள்ள பாகம் என்பதால். பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் அங்கேதான். ஆனால் கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினுக்குள்ளே இருந்தாலும் 8483.10க்குப் போகும், அதற்குத் தனித் தலைப்பு இருக்கிறது. மின்சாரத்தில் 'டிக் டிக்' என்று அடிக்கிற எஸ்.யூ. பெற்றோல் பம்பி மின்கருவிதானே, 85 என்று நினைப்பீர்கள். இல்லை, அது பம்பி, 8413.30.

ஸ்பீடோமீற்றர் 9029.20. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடி 7009.10. கதவுப் பூட்டு 8301.20. சீற் 9401.20. லீஃப் ஸ்பிரிங் 7320.10, ஏனென்றால் இரும்பு வில்லுக்கு எந்த வண்டி என்ற பேதம் இல்லை. றப்பர் சாமான்கள் பெரும்பாலும் 4016. காரோடு வந்த வேர்க்‌ஷொப் புத்தகம் கிடந்தால் அது புத்தகம்தான்: 4901.99.

இனி உண்மையான 8708. பம்பர் 8708.10. கதவு, பொனற், மட்கார்ட், முன் கிறில் எல்லாம் 8708.29. கியர் பொக்ஸ் 8708.40. சில்லும் அதன் தொப்பியும் 8708.70. மைனரின் நெம்புகோல் ஷொக் அப்சோபர் 8708.80. றேடியேற்றர் 8708.91, சைலன்சர் 8708.92, கிளச் 8708.93, ஸ்டியரிங் சக்கரமும் அதன் பெட்டியும் 8708.94. சட்டத்தோடு கூடிய ஜன்னல் கண்ணாடிக்கு 8708.22 என்று ஒன்று இருக்கிறது. அது 2022 திருத்தத்தில் வந்தது. இணையத்தில் கிடைக்கிற பழைய பட்டியலில் அதைக் காண மாட்டீர்கள். பட்டியல் எந்த ஆண்டுக்குரியது என்று பார்க்காமல் பிரதி எடுக்காதீர்கள். அடுத்த திருத்தம் 2028 ஜனவரியில் வருகிறது.

எஞ்சினை முழுதாக அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. வாகனத்துக்குரிய பெற்றோல் எஞ்சினைக் கொள்ளளவால் பிரிப்பார்கள்: 250க்கு மேல் 1000 சி.சி. வரை 8407.33, 1000க்கு மேல் 8407.34. மொறிஸ் மைனர் இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கிற கார். 1956 முதல் வந்ததில் 948 சி.சி.; 1962 முதல் வந்ததில் 1098. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டை நம்பி எழுத முடியாது. நம்முடைய பக்கத்தில் எந்தக் காருக்குள் எந்த எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மொறிஸுக்குள் ஜப்பான் டீசல் எஞ்சினை ஏற்றிப் பெருமையோடு ஓட்டிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். டீசல் என்றால் இலக்கம் 8408.20, பாகங்களும் 8409.99 ஆகிவிடும். எஞ்சின் புளொக்கில் உள்ள தகட்டை இரும்புத் தூரிகையால் இல்லாமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். 9எம் என்று தொடங்கினால் 948, 10எம் என்று தொடங்கினால் 1098.

கண்டுபிடித்ததைச் சரிபார்க்க மூன்று வழி உண்டு. இலங்கைச் சுங்கத் திணைக்களத்தின் அட்டவணை இணையத்தில் இருக்கிறது. முதலில் பிரிவுக் குறிப்பு, பிறகு அத்தியாயக் குறிப்பு, கடைசியாக இலக்கம் என்ற ஒழுங்கில் படியுங்கள். பிரித்தானிய அரசின் அட்டவணையும் இலவசம், சொல்லைத் தட்டித் தேடலாம். எனக்கு அதிகம் உதவுவது மூன்றாவது: அமெரிக்கச் சுங்கம் கொடுத்த வகைப்படுத்தல் தீர்ப்புகளை கிராஸ் (CROSS) என்ற தளத்தில் திறந்து வைத்திருக்கிறது. பாகத்தின் பெயரை ஆங்கிலத்தில் போட்டால், யாரோ ஒரு வியாபாரி முன்பே கேட்டு வாங்கிய தீர்ப்பு, காரணத்தோடு வரும். அமெரிக்காவுக்கு 10 இலக்கம். நமக்கு முதல் ஆறு மட்டும் போதும். அவர்களுடைய தீர்ப்பு மற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எப்படி யோசித்து அந்த இடத்துக்கு வந்தார்கள் என்பது தெளிவாகப் புரியும்.

வாங்குகிறவர் "இதெல்லாம் 9705, சேகரிப்புப் பொருள், வரி இல்லை" என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். இங்கிலாந்தில் 30 வயது கடந்த, உற்பத்தி நின்றுபோன, அசல் நிலையில் இருக்கிற முழுக் காருக்கு அந்தச் சலுகை உண்டு. சுங்க வரி இல்லாமல், 5 வீத வற் (பெறுமதி சேர் வரி) மட்டும் கட்டிப் போகும். பம்பருக்கும் டைனமோவுக்கும் அது பொருந்தாது. 9706 நூறு வயது கடந்த பழம்பொருளுக்கு. மொறிஸ் மைனர் 1948இல்தான் பிறந்தது.

முழுக் காரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் "எல்லாவற்றையும் ஒரே கொள்கலனில் போட்டு அனுப்பட்டுமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு காரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி ஒன்றாக அனுப்பினால் அட்டவணை அதைப் பாகங்களாகப் பார்க்காது, கார் என்றே பார்க்கும். அட்டவணையின் விளக்க விதிகளில் இரண்டாவது அதைச் சொல்கிறது. உங்களுடையது மைனர் என்பதால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் 1945 ஜனவரி 1க்கு முன் இலங்கையில் முதற்பதிவான பயணிகள் காரை வெளியே அனுப்ப இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பழைய ஒஸ்ரின் செவன் ஒன்றைக் கண்டுபிடித்துக் கழற்றி அனுப்ப நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று, புத்தகம் இல்லாத வாகனத்தைத் தொடாதீர்கள். 2009இல் விட்டுவிட்டு வந்த வாகனங்கள் கைமாறிக் கைமாறிப் போயிருக்கின்றன. யாரோ ஒருவர் இன்னும் அந்த நம்பரை மனதில் வைத்துத் தேடிக்கொண்டிருக்கலாம். உங்களுடையது அப்பப்பாவின் பெயரில் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மெல்பேர்ன் பார்சலுக்கு வருவோம். அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறபோது இலக்கத்தை விடப் பெரிய விஷயம் அஸ்பெஸ்ரஸ். 2003 கடைசி நாள் முதல் அந்த நாட்டில் அது முழுத் தடை. கொஞ்சம் இருந்தாலும் கொஞ்சம் என்று விட மாட்டார்கள். பழைய பிறேக் லைனிங், கிளச் தட்டு, சிலிண்டர் ஹெட் காஸ்கெட் மூன்றிலும் அது இருக்கக்கூடும். நான் ஒரு முறை பிறேக் சூ நான்கை, கழற்றிய சோடி வீணாகப் போகக்கூடாதே என்று மற்றச் சாமான்களோடு இலவசமாக வைத்து அனுப்பினேன். இலக்கம் சரியாகத்தான் போட்டேன், லைனிங் ஒட்டிய சூ 8708.30. பெட்டியை மறித்து, பரிசோதனைக்கு அனுப்பி, கடைசியில் சூவை அழித்தார்கள். பரிசோதனைக் கட்டணம் மொத்தச் சாமானின் விலையைத் தாண்டியது. வாங்கியவர் நல்ல மனிதர், பாதியை ஏற்றுக்கொண்டார். ஆகவே லைனிங்கும் பழைய காஸ்கெட்டும் இல்லாமல் அனுப்புங்கள். கழற்றும்போது ஊதவோ தேய்க்கவோ வேண்டாம், நனைத்துக் கழற்றி, பையில் கட்டி வையுங்கள். இங்கிலாந்தும் 1999இலேயே தடை செய்துவிட்டது, அங்கேயும் அனுப்பாதீர்கள்.

அடுத்தது மண். மட்கார்டின் உள் மடிப்பில் நம்முடைய செம்மண் சீமெந்து மாதிரி இறுகியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, குச்சியால் கிண்டி, பிறகு கழுவ வேண்டும். அவுஸ்திரேலியாவில் மண், விதை, பூச்சி எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது. டைனமோவின் காற்றுத் துளைக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். நான் அனுப்பிய இரண்டில் ஒன்றுக்குள் குளவி மண்ணால் வீடு கட்டியிருந்தது. காபரேற்றரையும் பெற்றோல் பம்பியையும் முழுதாக வடித்துக் காயவிட்டு அனுப்புங்கள், மணம் அடித்தாலே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தொண்ணூறுகளில் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய காபரேற்றர் என்றால் உள்ளே படிந்த கரிப் பிசின் லேசில் போகாது. அதையும் வாங்குகிறவருக்கு மறைக்காமல் சொல்லுங்கள். சிலர் அந்தக் கதைக்காகவே வாங்குகிறார்கள்.

பெட்டியை ஊர்த் தச்சரிடம் முதிரைப் பலகையில் அடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதிரை நல்ல மரம், ஆனால் வேண்டாம். வெளிநாட்டுக்குப் போகிற மரப்பெட்டி வெப்பமேற்றியோ புகையூட்டியோ பதப்படுத்தி முத்திரை குத்திய மரமாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் பெட்டியை எரிப்பார்கள் அல்லது திருப்பி அனுப்புவார்கள், செலவு உங்களுக்கு. பிளைவுட்டுக்கு அந்த விதி இல்லை. நான் பிளைவுட்தான் பாவிக்கிறேன்.

படிவத்துக்கு வருவோம். தபாலில் போகிற சின்னச் சாமானுக்கு, மதிப்பு 300 எஸ்.டி.ஆருக்குள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது) என்றால் சி.என். 22, அதற்கு மேல் சி.என். 23. ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் அமைப்பு இப்படி இருக்கட்டும்: 'பாவித்த டைனமோ, 12 வோல்ட், மொறிஸ் மைனர் காருக்கானது, 1 துண்டு, 8511.50, உற்பத்தி நாடு ஐக்கிய இராச்சியம்'. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். இலங்கையிலிருந்து போகிறது என்பதற்காக உற்பத்தி நாடு இலங்கை என்று எழுதக்கூடாது. லூக்காஸ் பேர்மிங்ஹாமில் செய்தது பேர்மிங்ஹாமில் செய்ததுதான், அறுபது வருடம் மல்லாவியில் கிடந்தாலும். இலங்கைப் பொருளுக்குக் கிடைக்கிற வரிச்சலுகையையும் அதற்குக் கேட்க முடியாது.

விலையைக் குறைத்து எழுதச் சொல்லி வாங்குகிறவர் கேட்பார். இங்கிலாந்தில் 135 பவுண் வரைக்கும் சுங்க வரி இல்லை, அவுஸ்திரேலியாவில் 1000 டொலரைத் தாண்டினால்தான் முறையான இறக்குமதிப் பிரகடனம். அந்தக் கோடுகளுக்குக் கீழே நிற்கத்தான் அப்படிக் கேட்பது. அவர் உங்களுக்கு அனுப்பிய பணத்தின் கணக்கு வங்கியில் இருக்கிறது. உண்மை விலையை எழுதுங்கள். 'அன்பளிப்பு' என்றும் எழுத வேண்டாம். யார் தம்பி கியர் பொக்ஸை அன்பளிப்பாகக் கொடுக்கிறார்?

எஞ்சினும் கதவுகளும் தபாலில் போகாது, கொழும்பில் ஒரு முகவர் மூலம் கப்பலில்தான். அப்போது ஏற்றுமதிப் பிரகடனத்தை முகவர் சுங்கத்தின் கணினி முறையில் போடுவார், அதற்கு எட்டு இலக்கமும் வேண்டும், உங்களுடைய வரி அடையாள இலக்கமும் வேண்டும். உங்கள் பட்டியலை ஆறு இலக்கத்தோடு எழுதி அவர் கையில் கொடுங்கள். அவர் மறுபடி "எல்லாம் 8708.99" என்றால், ஏன் என்று கேளுங்கள். காரணம் சொல்கிறவர் என்றால் அவரோடு போகலாம். "எப்போதும் அப்படித்தான்" என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

எஞ்சின் தகட்டைத் துடைத்துவிட்டு, முதல் எழுத்துகள் 9எம்மா 10எம்மா என்று படம் எடுத்து அனுப்புங்கள். பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.